டிராக்டரின் இழுவை எங்கிருந்து வருகிறது? – கியர் வழியே ‘திறன்’ கற்பித்தல்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் அலகு ‘இயக்க விதிகள்’. விசையின் திருப்புத்திறனுக்கு ஒரு பயன்பாடாகப் பற்சக்கரங்கள் அதில் சில வரிகளில் வந்துபோகும். ஏற்றப்பலகை, கதவுக் கைப்பிடி ஆகியவற்றுக்குத் தரும் நேரத்தைக்கூட நாம் பற்சக்கரத்துக்குத் தருவதில்லை. நான் பணிபுரியும் பொன்னமராவதிப் பகுதியில் அந்தச் சில வரிகளுக்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்குகிறேன். காரணம் எளிது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ டிராக்டர் இருக்கிறது. கியர் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பொருள்.

இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் ஊர்ப் பேச்சில் ‘வண்டிக்குப் பவர் பத்தல’ என்ற புலம்பல் அடிக்கடி வரும். பவரைக் கூட்ட ஒருவர் டீசல் பம்பைத் திருகச் சொல்வார். மற்றொருவர் கடன் வாங்கிப் பெரிய வண்டி எடுக்கச் சொல்வார். இயற்பியல் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சு வேறு திசையில் போகும். அந்தப் பிள்ளையை உருவாக்குவது நம் வேலை.

சொல்லில் உள்ள சிக்கல்

கணக்கில் வரும் தடுமாற்றத்தைவிடச் சொல்லில் வரும் தடுமாற்றம் இங்கே பெரிது. பிள்ளைகள் கேட்கும் ‘திறன்’களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கற்றல் திறன், குதிரைத்திறன், விசையின் திருப்புத்திறன், பயனுறுதிறன். ஒரே சொல் நான்கு வேலை செய்கிறது. குதிரைத்திறன் என்பது ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதன் அளவு. அதன் அலகு வாட். திருப்புத்திறன் என்பது ஒன்றைச் சுழற்றும் முயற்சியின் அளவு. அதன் அலகு நியூட்டன் மீட்டர். இரண்டும் வேறு வேறு. பெயரில் ‘திறன்’ இருப்பதால் மாணவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். பிறகு ‘கியர் போட்டால் பவர் கூடும்’ என்று எழுதுகிறார்.

இங்கே ஊர்ச்சொல் நமக்குக் கைகொடுக்கிறது. டிராக்டர் ஓட்டுபவர்கள் ‘இழுவை’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ‘லோ கியர்ல இழுவை அதிகம், ஓட்டம் கம்மி’ என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் முழுப் பாடமும் இருக்கிறது. நான் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதுவேன்: இழுவை, வேகம், திறன். பிறகு இந்தச் சமன்பாடு.

திறன் = இழுவிசை × வேகம்

திறன் மாறாமல் இருந்தால் இழுவை கூடும்போது வேகம் குறைய வேண்டும். கியர் செய்வது இந்தக் கொடுக்கல் வாங்கலை மட்டுமே. அது திறனை உண்டாக்குவதில்லை. உண்மையில் பற்களின் உராய்வால் சிறிதளவு குறைக்கவே செய்கிறது.

முதல் செயல்பாடு: சைக்கிள்

இதற்குப் பள்ளி வளாகத்தில் நிற்கும் சைக்கிள் போதும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் பற்சக்கரத்திலும் பின் பற்சக்கரத்திலும் உள்ள பற்களை மாணவர்களே எண்ணட்டும். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொண்டால் விகிதம் ஏறத்தாழ 2.4. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 2.4 சுற்றுச் சுற்றும். சாக்பீஸால் டயரில் ஒரு கோடு போட்டு இதைச் சரிபார்க்கலாம்.

இனி வகுப்பிலேயே பலசாலி என்று பெயரெடுத்த மாணவரை அழைத்துப் பெடலை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சிறிய உருவம் உள்ள ஒரு மாணவி பின்சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து, சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கட்டும். பெடல் பின்னோக்கி நகரும், பலசாலி திணறுவார். பெடல் தண்டின் நீளம் சுமார் 17 செ.மீ., சக்கரத்தின் ஆரம் சுமார் 35 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், விளிம்பில் கொடுக்கும் விசை பெடலில் ஏறத்தாழ ஐந்து மடங்காக வந்து சேர்கிறது. (விரல்கள் சங்கிலிக்கும் கம்பிகளுக்கும் அருகில் போகாமல் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.)

இதிலிருந்து ஒரு கேள்வி தானாக எழும். சைக்கிளை ஓட்டும்போது பெடலில் நாம் கொடுக்கும் விசை, தரையில் ஐந்தில் ஒரு பங்காகத்தானே போய்ச் சேருகிறது? ஆமாம். சைக்கிள் விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும் கருவி. டிராக்டர் நேர் எதிர். அது வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் கருவி. இந்த எதிர்மறை மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாம் செயல்பாடு: டிராக்டரின் கணக்கு

பல டிராக்டர்களில் கை ஆக்சிலரேட்டர் அருகே ஆமைப் படமும் முயல் படமும் இருக்கும். இவை என்ஜினின் சுற்றைக் குறைப்பதையும் கூட்டுவதையும் காட்டுபவை. சில வண்டிகளில் ஹை–லோ லிவரிலும் இதே படங்கள் உண்டு. அங்கே அவை கியர் விகிதத்தைக் குறிக்கும். மாணவர்கள் தங்கள் வீட்டு வண்டியில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லட்டும்.

கணக்குக்கு எளிதான எண்களை எடுத்துக்கொள்வோம். என்ஜின் 40 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் மொத்தம் 29,840 வாட். என்ஜின் நிமிடத்திற்கு 2,000 சுற்று. இதிலிருந்து என்ஜின் தண்டின் திருப்புத்திறன் ஏறத்தாழ 142 நியூட்டன் மீட்டர் என்று வரும். பின்சக்கரத்தின் சுற்றளவு 4 மீட்டர்.

ஹை கியர்: என்ஜின் 20 சுற்றுக்குச் சக்கரம் 1 சுற்று. சக்கரம் நிமிடத்திற்கு 100 சுற்று. வேகம் மணிக்கு 24 கி.மீ. சக்கரத்தில் திருப்புத்திறன் ஏறத்தாழ 2,850 நியூட்டன் மீட்டர். தரையில் இழுவிசை ஏறத்தாழ 4,470 நியூட்டன்.

லோ கியர்: என்ஜின் 200 சுற்றுக்குச் சக்கரம் 1 சுற்று. சக்கரம் நிமிடத்திற்கு 10 சுற்று. வேகம் மணிக்கு 2.4 கி.மீ. சக்கரத்தில் திருப்புத்திறன் ஏறத்தாழ 28,500 நியூட்டன் மீட்டர். இழுவிசை ஏறத்தாழ 44,700 நியூட்டன்.

வேகத்தை மீட்டர்/நொடியாக மாற்றி இழுவிசையோடு பெருக்கச் சொல்லுங்கள். இரண்டு கியரிலும் ஏறத்தாழ 29,800 வாட்தான் வரும். மாணவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது, ‘கியர் பவரைக் கூட்டுவதில்லை’ என்று நாம் பத்துமுறை சொல்வதைவிட ஆழமாக அது இறங்குகிறது.

தங்கள் வீட்டு வண்டியின் விகிதத்தையும் அவர்கள் காணலாம். பெரியவர் ஒருவர் வண்டியை ஓட்டட்டும். மாணவர் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நின்று, ஒரு நிமிடத்தில் வண்டி சென்ற தூரத்தை அளக்கட்டும். நின்ற வண்டியின் டயரைச் சுற்றிக் கயிறு வைத்துச் சுற்றளவை எடுக்கட்டும். என்ஜின் சுற்றை ஓட்டுபவர் மீட்டரைப் பார்த்துச் சொல்வார். மீதி வகுத்தல் கணக்குத்தான்.

இழுவைக்கு ஓர் எல்லை: மண்

இந்த இடத்தில் ஒரு மாணவர் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். ‘சார், லோ கியர்ல 44,000 நியூட்டன் வருதுன்னா எங்க வண்டி ஒம்பது கலப்பையோட ஏன் திணறுது? அப்பா 35 எச்.பி. வண்டியக் கொடுத்துட்டு 50 எச்.பி. எடுக்கலாம்னு சொல்றார்.’ அந்த வீட்டுக்கு அது சில லட்சம் ரூபாய்க் கடன். கேள்விக்குப் பாடப்புத்தகத்தின் உராய்வுப் பாடத்தில் பதில் இருக்கிறது.

2,000 கிலோ எடையுள்ள டிராக்டரில் பின்சக்கரங்கள் மீது சுமார் 1,300 கிலோ இருப்பதாகக் கொள்வோம். அது தரையை அழுத்தும் விசை 12,740 நியூட்டன். உலர்ந்த வயலில் டயர் மண்ணைப் பற்றித் தரக்கூடிய இழுவிசை இதில் பாதி என்று வைத்தால் ஏறத்தாழ 6,400 நியூட்டன். சேற்றில் இன்னும் குறைவு. கியர்ப்பெட்டி 44,700 நியூட்டன் தரத் தயாராக இருந்தாலும் மண் 6,400-க்கு மேல் வாங்கிக்கொள்ளாது. மீறினால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

6,400 நியூட்டன் இழுவிசையோடு மணிக்கு 4.5 கி.மீ. வேகத்தில் உழுதால் செலவாகும் திறன் 8,000 வாட். அதாவது சுமார் 11 குதிரைத்திறன். டயர் மண்ணில் புதைந்து உருளவும் வழுக்கவும் இன்னும் கொஞ்சம் போகும். ஆனாலும் 40 குதிரைத்திறனும் உழவில் இறங்குவதில்லை. குறை பெரும்பாலும் என்ஜினில் இல்லை, டயருக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடிப்பில் இருக்கிறது.

அந்த மாணவரை வழுக்கலை அளக்கச் சொன்னேன். முறை இதுதான். டயரில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம். கெட்டித் தரையில் சும்மா ஓடும்போது பின்சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற வண்டி எவ்வளவு தூரம் போகிறது? உழும்போது அதே பத்துச் சுற்றில் எவ்வளவு? அப்பா ஓட்ட, அவரும் அண்ணனும் வரப்பில் நின்று எண்ணி அளந்தார்கள். தரையில் 41 மீட்டர். வயலில் 28 மீட்டர். வழுக்கல் ஏறத்தாழ 32 சதவீதம். உழவில் வழுக்கல் 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பது நல்லது. இவர்கள் வண்டியில் டயரின் மேடுகள் மழுங்கிப் போயிருந்தன. டயரை மாற்றி, டியூபில் முக்கால் பங்குக்குத் தண்ணீர் நிரப்பிய பிறகு, அதே பத்துச் சுற்றில் 34 மீட்டர் வந்தது. வழுக்கல் 17 சதவீதம். புது வண்டிப் பேச்சை அந்த வீட்டில் தள்ளிப்போட்டார்கள்.

சேற்று உழவில் இரும்புக் கேஜ் வீல் மாட்டுவது, முன்பக்கம் எடைக்கட்டி தொங்கவிடுவது, ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது டிஃபரன்ஷியல் லாக்கை மிதிப்பது எல்லாம் இந்த ஒரே கணக்கின் கிளைகள். விதிவிலக்கு ரோட்டவேட்டர். அதற்கு வேண்டிய திறன் டயர் வழியாகப் போவதில்லை. பி.டி.ஓ. தண்டு வழியாக நேரே போகிறது. அந்தத் தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்திற்கு 540 சுற்று. அங்கே என்ஜினின் குதிரைத்திறன் உண்மையாகவே தேவைப்படுகிறது. ஆகவே ‘எத்தனை எச்.பி. வேண்டும்?’ என்ற கேள்விக்கு முன்னால் ‘எந்த வேலைக்கு?’ என்ற கேள்வி வர வேண்டும்.

டியூனிங் எதைத் தரும்?

திறன் பிறக்கும் ஒரே இடம் என்ஜின். அதைக் கூட்ட, டீசல் பம்பைத் திருகி அதிக டீசல் விடச் செய்வது ஊர் வழக்கம். இதை வேதியியலோடு இணைத்துக் கற்பிக்கலாம். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். டீசலை மட்டும் கூட்டிக் காற்றைக் கூட்டாவிட்டால் எரியாத கார்பன் கரும்புகையாக வெளியேறும். டீசல் செலவு கூடும், என்ஜின் சூடேறும், பிஸ்டனின் ஆயுள் குறையும். கொஞ்சம் திறன் கூடினாலும் அது பிடிப்பில்லாத டயரைச் சுற்றவே போகிறது.

டர்போசார்ஜர் உள்ள என்ஜினில் நிலைமை வேறு. அது புகைபோக்கி வழி வீணாகும் வாயுவின் ஆற்றலால் ஒரு காற்றாடியைச் சுழற்றி, சிலிண்டருக்குள் அதிகக் காற்றை அழுத்துகிறது. காற்று கூடுவதால் டீசலையும் கூட்ட முடிகிறது. அதற்கேற்ற வலுவோடுதான் அந்த என்ஜினின் பாகங்களும் செய்யப்படுகின்றன.

சாதாரண வண்டியில் டியூனிங் என்பதன் நல்ல பொருள், இழந்த திறனை மீட்பது. புழுதி அடைத்த காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வது, அதன் அடியில் உள்ள எண்ணெயை மாற்றுவது, டீசல் வடிகட்டியை மாற்றுவது, நாசிலின் அழுத்தத்தைச் சோதிப்பது, டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்வது. 40 குதிரைத்திறன் என்ஜின் கவனிப்பின்றி 33-ஆகக் குறைந்திருந்தால் இவை அதைத் திரும்ப 40-க்குக் கொண்டுவரும். 50 ஆக்காது.

கரும்பலகையில் இப்படித் தொகுக்கலாம்: என்ஜின் திறனை உண்டாக்கும். கியர் அதை இழுவையாகவோ வேகமாகவோ மாற்றும். டயர் அதை மண்ணில் சேர்க்கும். வண்டி திணறினால் இந்த மூன்றில் எது குறை என்று முதலில் கேட்க வேண்டும்.

உயிர் காக்கும் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். லோ கியரில் பின் அச்சில் 28,500 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வருவதைக் கண்டோம். இப்போது பின்சக்கரங்கள் குழியில் சிக்கிச் சுற்ற முடியாமல் நிற்பதாக நினைத்துக்கொள்வோம். சக்கரத்தைச் சுற்ற முடியாத அச்சு, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வண்டியின் உடலை எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது முன்பக்க எடை மட்டுமே. முன் அச்சில் 700 கிலோ, இரு அச்சுகளுக்கு இடைத்தூரம் 1.8 மீட்டர் என்றால், முன்பக்க எடையின் திருப்புத்திறன் 700 × 9.8 × 1.8, ஏறத்தாழ 12,350 நியூட்டன் மீட்டர்.

28,500 எங்கே, 12,350 எங்கே! முன்சக்கரங்கள் மேலே எழும்பி, வண்டி ஓட்டுபவர் மீதே மல்லாக்கக் கவிழ்ந்துவிடும். கவிழ்வதற்கு ஆகும் நேரம் சில நொடிகள்கூட இல்லை. ஏற்றப்பலகையில் படித்த திருப்புத்திறன் தத்துவமே இது.

இந்தக் கணக்கிலிருந்தே விதிகளை மாணவர்கள் வருவிக்கட்டும். சிக்கிய வண்டியை முன்னோக்கி முறுக்காமல் பின்னோக்கி எடுக்கப் பார்க்க வேண்டும், அல்லது வேறு வண்டியால் இழுக்க வேண்டும். பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்ற முயலக் கூடாது. இழுக்கும் கயிற்றையோ சங்கிலியையோ தாழ்வான டிராபாரில் மாட்ட வேண்டும், மேலே உள்ள டாப் லிங்க் இடத்தில் மாட்டவே கூடாது. கிளட்சைச் சட்டென விடக் கூடாது. மேட்டில் ஏறும்போது இரட்டிப்புக் கவனம். இவற்றோடு, 18 வயதும் உரிமமும் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் புரிந்து ஏற்கும் விதி வெறும் எச்சரிக்கையைவிட நெடுநாள் நிற்கும்.

டிராக்டரிலிருந்து டாங்கிக்கு

கணக்கை விரிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஆவடியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் அர்ஜுன் டாங்கியின் முதல் வடிவம் 58.5 டன். அதன் என்ஜின் 1,400 குதிரைத்திறன். மேம்படுத்தப்பட்ட மார்க் 1ஏ வடிவம் 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் எடை சுமார் 68 டன். என்ஜின் திறன் அதே 1,400.

மாணவர்களிடம் மூன்று கேள்விகள் வைக்கலாம். ஒவ்வொரு டன்னுக்கும் எத்தனை குதிரைத்திறன்? (முதலில் சுமார் 24, பிறகு சுமார் 20.6.) என்ஜினை மாற்றாமல் கூடுதல் எடையோடு அதே மேட்டில் ஏற வேண்டுமானால் கியர் விகிதத்தை எப்படி மாற்றுவீர்கள்? அதனால் எதை இழப்பீர்கள்? விகிதத்தைக் கூட்டினால் இழுவை கிடைக்கும், உச்ச வேகம் குறையும் என்று அவர்களே சொல்வார்கள். கடைசியாக, 2 டன் எடையும் 40 குதிரைத்திறனும் உள்ள நம் டிராக்டருக்கு ஒரு டன்னுக்கு 20 என்று கணக்கிடச் சொல்லுங்கள். வாய்க்கால் ஓரம் நிற்கும் டிராக்டரும் போர் டாங்கியும் இந்த அளவில் ஏறத்தாழ ஒன்றுதான் என்று அறியும்போது வகுப்பில் எழும் சலசலப்பை நீங்களும் ரசிப்பீர்கள்.

வகுப்பு வாரியாக

தொடக்க வகுப்புகளில் எண்களே வேண்டாம். சைக்கிள் பற்களை எண்ணுவதும், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் எத்தனை சுற்று என்று பார்ப்பதும் போதும். பெருக்கலுக்கும் பின்னத்துக்கும் அது நல்ல பயிற்சி. நடுநிலை வகுப்புகளில் சுற்றளவு, வேகம், சதவீதம் ஆகிய கணக்குகளை வழுக்கல் அளவீட்டோடு இணைக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் திருப்புத்திறனும் திறனும் முழுமையாக வரட்டும்.

மதிப்பீட்டுக்கு நான் வைக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: ‘லோ கியர் போட்டால் டிராக்டரின் திறன் கூடுகிறது – சரியா, தவறா? காரணம் எழுதுக.’ தவறு என்று மட்டும் எழுதினால் அரை மதிப்பெண்தான். ‘இழுவை கூடும், வேகம் குறையும், பெருக்கல் மாறாது’ என்று எழுதினால் முழு மதிப்பெண்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக், டிராக்டர் மெக்கானிக் பிரிவுகளில் சேரும் பிள்ளைகள் நம் பள்ளிகளிலிருந்தே போகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் முதல் நாளிலேயே அவர்கள் கியர்ப்பெட்டியைப் பிரித்துப் பார்க்கக்கூடும். அதற்குள் இருக்கும் கணக்கை அவர்கள் நம்மிடம் கற்றுக்கொண்டு போகட்டும்.